கன்டெய்னர் யார்டில் ஒரு மனநலச் சேவை: ஓராண்டு அனுபவம்

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே இயங்கும் எங்கள் கன்டெய்னர் யார்டில், ஊழியர்களின் மனநலத்துக்கென ஒரு தனியார் நிறுவனத்தின் சேவையை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருந்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மனிதவளப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில், இத்தகைய சேவையை வாங்க நினைக்கும் வடசென்னைத் தொழிற்கூடங்களுக்காக இதை எழுதுகிறேன்.

விற்பனைக்கு வந்தவர் முதலில் எடுத்து வைத்தது, பணியிட மனநலம் குறித்த சர்வதேசத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 45003. 2021-இல் வெளியான அந்த ஆவணம், வேலைப்பளு, ஷிப்ட் நேரம், அதிகாரியின் நடத்தை, வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஆகியவற்றையும் விபத்து அபாயங்களைப் போலவே கண்டறிந்து குறைக்கச் சொல்கிறது. நல்ல ஆவணம்தான். ஆனால் அது பணியிடப் பாதுகாப்புக்கான தரமாகிய ஐஎஸ்ஓ 45001-க்குத் துணையான வழிகாட்டுதலே தவிர, சான்றிதழ் பெறுவதற்கென எழுதப்பட்டது அன்று. சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொன்னால், அதற்கென்று விலையில் என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் மனநோய்க்கும் இடமுண்டு என்பதைத் தனிச் சலுகை போலச் சொன்னார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே காப்பீட்டு நிறுவனங்களை அதற்குக் கட்டாயப்படுத்துகிறது.

இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசி ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில், தமிழிலேயே, இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது. அந்த எண்ணை ஓய்வறையில் எழுதி ஒட்டினாலே இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். சேவையோடு வந்த கைபேசிச் செயலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூச்சுப் பயிற்சிக் காணொளி பார்க்க இரவு ஷிப்ட் முடித்தவருக்குப் பொறுமை இருப்பதில்லை.

நேரில் வந்த ஆலோசகர் திறமையானவர், ஆனால் அவர் எங்கே உட்காருவார் என்பதைச் சேவை நிறுவனம் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட் ஆபீஸை ஒட்டிய கண்ணாடி அறையில் அமர்ந்தார். ட்ரெய்லர் ஓட்டுநர்கள் ரசீதுக்கு நிற்கும் ஜன்னலிலிருந்து உள்ளே இருப்பவர் யார் என்று நன்றாகத் தெரியும். கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டியை இயக்கும் ஊழியர் ஒருவர், "அந்த ரூமுக்குள்ள போனா நாளைக்கே கீழ்ப்பாக்கம் கேஸுன்னு பேர் வெச்சிருவாங்க சார்" என்றார். மாடியில் இருக்கும் பயிற்சி அறைக்கு மாற்றிய பிறகுதான் ஆட்கள் போகத் தொடங்கினார்கள்.

கொடுத்த பணத்துக்கு உண்மையில் மதிப்புத் தந்தது பணிச்சூழல் ஆய்வு. தூக்கம், மனநிலை என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், வேலையை யார் எப்போது ஒதுக்குகிறார், வார விடுப்பு எத்தனை முறை ரத்தாகிறது, ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்றெல்லாம் கேட்டு, விடைகளை ஷிப்ட் வாரியாகப் பிரித்துத் தந்தார்கள். இரவு கேட் பணியாளர்களின் நிலைதான் மோசம். அவர்களுடைய மறுநாள் ஷிப்ட், கப்பல் வரவைப் பார்த்துவிட்டு, முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குக்கூட வருவதாக வாக்களிக்க முடியாத நிலை. இதை எந்த ஆலோசகரும் பேசித் தீர்க்க முடியாது. இப்போது ஒரு வாரத்துக்கு முன்பே பட்டியல் ஒட்டப்படுகிறது. அவசரத்துக்கு, விருப்பம் தெரிவித்தவர்களை மட்டும் அழைக்கிறோம். ஆய்வு வாங்குவோர், சிறிய குழுக்களின் விடைகளைத் தனியே காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. மூன்று பேர் உள்ள பிரிவில் யார் என்ன சொன்னார் என்று ஊகிக்க நேரமாகாது.

சூப்பர்வைசர்களுக்கான பயிற்சியும் பயன்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் மேலாளர் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. வாக்கி டாக்கியில் ஒருவரைத் திட்டினால் அதே சேனலில் இருக்கும் அனைவருக்கும் கேட்கும் என்பதைப் பயிற்சியாளர் நடித்தே காட்டியபோது, சிரிப்பும் சங்கடமும் சேர்ந்தே எழுந்தன.

பெரிய குறை ஒன்றுண்டு. கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பதாலும், நிரந்தர ஊழியர்களை மட்டுமே கணக்கில் எடுத்ததாலும், சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடக்கும் ஓட்டுநர்களும் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். புதுப்பிக்கும்போது ஆய்வையும் பயிற்சியையும் மட்டும் கேட்டிருக்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து என்ன விலை என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.