மழைக்காலக் கவருக்குச் செம்மண் கலவையா, கோகோபீட்டா?

புரட்டாசி பிறந்தால் எங்கள் நர்சரியில் முதல் வேலை, கவர் (செடி வளரும் பிளாஸ்டிக் பை) மாற்றுவது. வெயிலில் நைந்த கவர்களைக் கிழித்துவிட்டு, ஐப்பசி மழை இறங்குவதற்குள் செடிகளைப் புதுக் கலவையில் உட்கார வைத்தாக வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதனால் இந்தச் சமயத்தில் எதில் நடுகிறோம் என்பதுதான் தை மாதம் எத்தனை செடி விற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

செம்மண் கலவை, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டிலும் நட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது செம்மண் பக்கம்தான் நிற்கிறேன்.

கோகோபீட்டின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எடை குறைவு, களை முளைக்காது, 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் பொங்கி வரும். உப்புப் போக இரண்டு மூன்று முறை அலச வேண்டும், அவ்வளவுதான். செம்மண்ணுக்கு ஆள் கூலி கூடுதல், வண்டியில் ஏற்ற இறக்க முதுகு ஒடியும்.

ஆனால் மழையில் இதெல்லாம் இரண்டாம்பட்சம். தண்ணீர் வடிகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சித்திரையில் அது வரம். ஐப்பசியில் நாலு நாள் சூரியன் தலைகாட்டாவிட்டால் கவரின் அடிப்பாதி சொதசொதவென்றே இருக்கும்.

சென்ற மழைக்கு முன் ரோஜாவில் ஒரு வரிசையைத் தூள் கோகோபீட்டிலும் பக்கத்து வரிசையைச் செம்மண்ணிலும் போட்டேன். கார்த்திகை நடுவில் கோகோபீட் வரிசையில் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. உரக்குறை என்று நினைத்தேன். எங்களிடம் வேலை செய்யும் அக்கா ஒரு கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கல்லு மாதிரி கனக்குது, தண்ணி இறங்கவே இல்ல” என்றார். கவரைக் கிழித்தோம். புளித்த வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக இருந்தது. விரலால் லேசாக இழுத்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். அழுகல் அந்த அளவுக்குப் போய்விட்டால் மருந்து ஊற்றிப் பயனில்லை. செம்மண் வரிசையிலும் சில செடிகள் போயின, ஆனால் பெரும்பாலானவை தப்பின.

செம்மண் என்றால் வெறும் செம்மண் இல்லை. அது தனியாக இருந்தால் மழை அடித்து அடித்து இறுகி, அதுவும் தண்ணீரைத் தேக்கும். வழக்கமாக இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் போடுவோம். மழைக்கு மட்டும் மணலை ஒன்றரைப் பங்காக்குகிறேன். எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் சலித்து, பொடியை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். அந்தப் பொடி சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். நட்டபின் ஒரு கவரில் அரை சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே அடி ஓட்டையில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் கலவையைத் திருத்துங்கள், அல்லது ஓட்டையைக் கூட்டுங்கள். கவர்களைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் அடுக்கினால் இன்னும் நல்லது.

சரி, கோகோபீட் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். தேங்காய் மட்டைச் சிப்ஸ் (சிறு துண்டுகள்) கலந்தால் வடிகால் தேறும், செலவு கூடும். மேலே பாலித்தீன் கூரை இருந்தால் கணக்கே மாறிவிடும். எங்களுக்கு வெறும் ஷேட் நெட்தான், மழை அப்படியே உள்ளே இறங்கும். ஆந்தூரியம், பெரணி போன்றவற்றை நான் கொஞ்சம்தான் வளர்த்திருக்கிறேன். அந்தக் கொஞ்சத்தில் அவை கோகோபீட்டில் சந்தோஷமாகவே இருந்தன. ரோஜா, காகிதப்பூ, அடீனியம் மூன்றையும் திறந்தவெளியில் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த மழைக்குச் செம்மண்ணுக்கு மாறிவிடுங்கள்.

எங்களிடம் மிச்சமிருக்கும் கோகோபீட் கட்டிகளைக் கொட்டகையில் அடுக்கியாயிற்று. தை பிறந்ததும் மிளகாய், தக்காளி விதைக்கும் குழித்தட்டுகளுக்கு அவைதான்.