படகின் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாருக்கு ஆயில்: பம்பை நம்புவதா, கேனில் கலப்பதா?

டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 இரண்டையும் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். முதலாவதற்கு பங்கிலேயே டூ-டி ஆயிலை பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். இரண்டாவதற்கு ஆயில் டேங்க் தனி. பம்ப் தானே எடுத்துக் கொடுக்கும். ரோட்டில் எது மக்கர் செய்தாலும் தள்ளிக்கொண்டு வீடு வந்துவிடலாம். வேதாரண்யத்துக்குக் கிழக்கே, கரை தெரியாத இடத்தில் மோட்டார் சீஸ் ஆகி, உள்ளே இறுகி நின்றால் அப்படி இல்லை. காற்றும் நீரோட்டமும் படகை இலங்கை எல்லைப் பக்கம் கொண்டுபோய்விடும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்க இடம் கிடையாது. பெட்ரோலோடு உள்ளே போகும் ஆயில்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு எரிந்து போகிறது. கேனில் கலப்பவர்கள் பெரும்பாலும் 50:1 கணக்கில் கலக்கிறார்கள்: லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் கேனுக்கு அரை லிட்டர். பம்ப் உள்ள மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய அதே 50:1 கொடுக்கும். மெதுவாக ஓடும்போதுதான் 100:1, அதற்கும் கீழே என்று ஆயிலைக் குறைத்துக்கொள்ளும்.

அப்படியானால் பம்பின் லாபம் முழுக்க மெதுவாக ஓடும் நேரத்தில்தான் இருக்கிறது. ஆறுகாட்டுத்துறையிலோ புஷ்பவனத்திலோ இருந்து கடலுக்குப் போகிற பைபர் படகு, போகும்போதும் வரும்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. அங்கே பம்பிலும் கலப்பிலும் குடிக்கிற ஆயில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முத்துப்பேட்டையில் கோரையாறு வழியாக அலையாத்திக் காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் படகின் கதை வேறு. ஆழம் குறைவு, பாதி நேரம் ஊர்ந்துதான் போக வேண்டும். அங்கே 50:1 கலப்பு தேவைக்கு அதிகம்: புகை கண்ணைக் கரிக்கும், பிளக் கறுத்துப்போகும், காலையில் கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கும். சராசரியாக 75:1 ஓடினால்கூட 25 லிட்டருக்கு 333 மில்லி போதும்.

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். பம்பில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு. இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு பல்சக்கரத்தால் இணைந்து, திராட்டிலைப் பார்த்து அளவை மாற்றுவது ஒரு வகை. யமஹாவின் பம்ப் அப்படிப்பட்டது. 1984இல் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வந்த விஆர்ஓ இன்னொரு வகை. அந்தத் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பில் இயங்கி, பெட்ரோலையும் ஆயிலையும் ஒரே பம்பில் சேர்த்து இழுப்பது. எங்காவது ஒரு ஹோஸில் காற்றுக் கசிந்தால் இரண்டும் கெடும். பலர் அதன் ஆயில் பக்கத்தை அடைத்துவிட்டுக் கலப்புக்குத் திரும்பினார்கள். கம்பெனியும் பிறகு பம்பைத் திருத்தியது. பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பல்சக்கர பம்ப் உழைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். பம்பைவிட அதைச் சுற்றி இருப்பவைதான் எனக்குப் பயம்: வெயிலில் வெடிக்கும் ஹோஸ், உள்ளே நிற்கும் காற்றுக் குமிழி, சில மாடல்களில் பிளாஸ்டிக்கில் வரும் பல்சக்கரம், உப்பில் அரித்துப்போகும் அலாரம் ஒயர். எங்கள் மாமா படகில் பம்ப் வைத்த பழைய 40 குதிரைசக்தி மோட்டார் ஒன்று இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் படகு கரையேறி நின்றபோது, ஆயில் டேங்க் மூடியின் ரப்பர் இற்றுப்போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் ஆயிலைவிட கனம். அடியில் போய்த் தங்கும். பம்புக்குப் போகும் வழியும் அடியில்தான். அலாரம் மிதவையைப் பார்க்கிறது, டேங்க் நிறைய இருக்கிறது என்று சும்மா இருந்தது. மோட்டாரும் வழக்கம்போல ஓடியது. “மாமா, சத்தம் மாறுது” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. பக்கத்தில் வலை விட்டிருந்த படகுதான் கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது. பிஸ்டன் இரண்டும் போயிருந்தன.

அதே தண்ணீர் கலப்புக் கேனில் இறங்கியிருந்தால் மோட்டார் இருமும், திணறும், நின்றும் போகும். ஆனால் பிஸ்டன் பெரும்பாலும் பிழைக்கும். என் கணக்கு இதுதான்: பம்ப் கெட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே சாகிறது. கலப்புப் பெட்ரோல் வராவிட்டால் மோட்டாரும் ஓடாது.

கலப்பிலும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. விடியற்காலை இருட்டில், நான்கு கேனில் மூன்றுக்கு ஆயில் ஊற்றிவிட்டு நான்காவதை மறந்தால் எந்த அலாரமும் அடிக்காது. நாள்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் பிசினாக ஜெட்டை அடைக்கும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் நிற்கும்; அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. எனவே பழைய கலப்பை வைத்திருந்து ஓட்டாதீர்கள்.

ஒரு மோட்டார், ஒரே ஆள் கலக்கிறார், கடல் தொழில் என்றால் நான் கலப்பையே சொல்வேன். கலக்கும் வேலை ஒரே கையில், ஒரே அளவுக் குவளையில் இருக்கட்டும். உப்பங்கழியில் நாள் முழுக்க ஊர்ந்து ஓடும் படகுக்கும், ஆளாளுக்கு பெட்ரோல் ஊற்றும் படகுக்கும் பல்சக்கர பம்ப் நல்லது. எதில் ஓட்டினாலும், தண்ணீரில் குளிரும் படகு மோட்டாருக்கான டிசிடபிள்யூ-3 ஆயிலையே ஊற்றுங்கள். பைக் ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்காகச் செய்தது.

பம்பை வேண்டாம் என்று எடுப்பவர்கள் ஹோஸை மட்டும் வெட்டி விடாதீர்கள். ஆயில் இல்லாமல் சுற்றும் பம்ப் தேய்ந்து, அதன் துணுக்கு இன்ஜினுக்குள் போகலாம். ஓட்டும் பல்சக்கரத்தையும் கழற்றி, துளைகளை அடைக்க வேண்டும்.

பம்பை வைத்துக்கொள்பவர்கள் மழை முடிந்து முதல் தடவை இறக்கும்போது டேங்க் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பாருங்கள். அப்புறம் அந்த முதல் கேன் பெட்ரோலிலும் 50:1 கலந்து ஓட்டுங்கள். ஆயில் நிற்கும் மட்டத்தில் டேங்கின் வெளியே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு கேன் தீர்வதற்குள் ஆயில் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கலப்போடு கரைக்குத் திரும்பி மெக்கானிக்கைப் பாருங்கள்.