ஊசி தாவுகிறதா? "எடையைக் கூட்டுங்க" என்று சொல்லும் கடையிடம் எச்சரிக்கை

சிங்கப்பூரில் பழைய டெக்னிக்ஸ் டர்ன்டேபிள் (இசைத்தட்டுச் சுழற்றும் மெஷின்) வாங்க நினைப்பவர்களுக்காக, குறிப்பாகக் கல்யாண மண்டபங்களிலும் விருந்துகளிலும் இசைத்தட்டு வைத்து டிஜே செய்யத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "சர்வீஸ் செய்தது, ஊசி ஒரிஜினல், டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) அளந்து செட் செய்தது" என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஒரு ஜோடி எஸ்எல்-1200 எம்கே2 விற்றார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன், வேறு எங்கே பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

எம்கே2 1979இல் வந்த மாடல். மோட்டார் நேரடியாக, இசைத்தட்டு வைக்கும் வட்டத் தட்டைச் சுழற்றும், பெல்ட் கிடையாது. அந்த மோட்டார் லேசில் கெடாது. அதனால்தான் கடையில் முதலில் மோட்டாரைத்தான் காட்டுவார்கள். பட்டனை அழுத்தியதும் தட்டு சட்டென்று வேகம் பிடிக்கும், ஓரத்துப் புள்ளிகள் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கிளப்பில் பல ஆண்டுகள் உழைத்த மெஷினில் அடி வாங்கியிருப்பது டோன்ஆர்ம். தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள், கிளிப்பில் பூட்டாமல் வண்டியில் ஏற்றியிருப்பார்கள். கை சுழலும் இடத்தில் இருக்கும் நுண்ணிய பேரிங்குகள் அந்த அடியைத் தாங்காது.

வீட்டில் வைத்துப் பழக ஆரம்பித்ததுமே இடப்பக்க மெஷினில் ஊசி தாவியது. ஃபோன் செய்தேன். "தம்பி, கவுன்டர்வெயிட்டை இன்னும் கொஞ்சம் உள்ள திருப்புங்க. டிஜேன்னா எடை கூடத்தான் இருக்கணும்" என்றார் கடைக்காரர். கையின் பின்முனையில் இருக்கும் அந்த எடைக் குண்டை உள்ளே திருப்பினால், ஊசி தட்டில் அழுத்தும் எடை கூடும். திருப்பினேன், தாவல் குறையவில்லை. "அப்போ உங்க ரெக்கார்டு கீறலா இருக்கும்" என்றார். கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். "காலிப்ரேஷன்" என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார். இப்போது தாவவில்லை. கவுன்டர்வெயிட் வளையத்தில் 3 என்று இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் தெரிந்தது.

ஒலிப்பொறியாளராக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, ஊசியின் எடை பார்க்கும் சின்ன மின்னணுத் தராசைக் கொண்டுவந்தார். வளையம் 3 கிராம் காட்டிய அதே கையில் தராசு 6 கிராமுக்கு மேல் காட்டியது. இது எப்படி என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கவுன்டர்வெயிட்டில் எண் போட்ட வளையம் எடையோடு ஒட்டியதல்ல, தனியாகச் சுழலும். முறைப்படி ஆன்ட்டி-ஸ்கேட்டை (கை உள்நோக்கி இழுபடுவதைச் சமன் செய்யும் திருகை) சுழியத்தில் வைத்து, கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதக்கும் இடத்துக்கு எடையைக் கொண்டுவந்து, அங்கே வளையத்தை மட்டும் திருப்பி 0 வைக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. எடையை இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டு வளையத்தை 3க்கு நகர்த்தி வைத்தால், பார்ப்பவருக்கு 3 கிராம்தான். எனக்கு அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

மாட்டியிருந்தது ஷூர் எம்44-7 என்று சொன்ன கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி). அதற்கு ஷூர் நிறுவனம் சொன்ன அளவு 1.5 முதல் 3 கிராம் வரை. அதைப்போல் இரண்டு மடங்கு எடையில், எண்பதுகளில் எக்கோ இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட என் தமிழ் எல்பிகளை அந்தக் கையில் ஓட்டியிருக்கிறேன். பாடகர் 'ச', 'ஸ' சொல்லும் இடமெல்லாம் இப்போது கரகரவென்று கேட்கிறது. பள்ளத்தின் சுவர் தேய்ந்துவிட்டால் எந்தச் சுத்திகரிப்பும் அதை மீட்காது. பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

சரி, முதலில் ஏன் தாவியது? நண்பர் இரண்டு மெஷின்களின் ஹெட்ஷெல்லையும் (கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் கையின் முன்முனை) கழற்றி மாற்றி மாட்டினார். கோளாறு ஹெட்ஷெல்லோடு அடுத்த மெஷினுக்குப் போனால் குற்றம் கார்ட்ரிட்ஜில். போகாமல் அங்கேயே நின்றால் குற்றம் கையில். எடையைச் சரியான அளவுக்குக் குறைத்துப் பார்த்தபோது, தாவல் இடப்பக்க மெஷினிலேயே தொடர்ந்தது, அதுவும் எந்தத் தட்டைப் போட்டாலும் ஏறக்குறைய நடுப்பகுதியில். ஒரே தட்டில் ஒரே இடத்தில் தாவினால் தட்டைச் சந்தேகப்படலாம். எல்லாத் தட்டிலும் அதே பகுதியில் தாவினால் அது தட்டு அல்ல. கையை மிதக்க வைத்து மெல்ல ஊதினார். நல்ல கையென்றால் உள்ளே வரைக்கும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். என்னுடையது பாதி வழியில் தயங்கி நின்றது. ஹெட்ஷெல்லை இரு விரலால் பிடித்து மிக லேசாக அசைத்தால் பேரிங்கில் 'டக்' என்று ஓர் ஆட்டமும் தெரிந்தது. பேரிங் கெட்ட கையை எடை ஏற்றி அழுத்தி ஓட்ட வைத்ததுதான் அந்தக் "காலிப்ரேஷன்".

அதனால் சொல்கிறேன்: தாவலுக்கு எவராவது முதல் மருந்தாக எடையைக் கூட்டச் சொன்னால், அங்கே வேலையைக் கொடுக்காதீர்கள். ஊசி நுனியில் தூசி உருண்டை, கை உயரம், ஆன்ட்டி-ஸ்கேட், பேரிங், மேசை அதிர்வு எல்லாம் பார்த்த பிறகு, அதுவும் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் மட்டுமே எடையைத் தொட வேண்டும்.

வலப்பக்க மெஷினில் வேறு கதை. ஹெட்ஃபோனில் பாட்டு ஏதோ தலைக்கு வெளியே கேட்பதுபோல் இருந்தது. மண்டபத்தில் ஸ்பீக்கர்கள் மோனோவில் (இடது, வலது ஒலிகள் ஒன்றாகச் சேர்ந்து) ஓடியபோது பேஸ், அதாவது அடி ஒலி, காணாமல் போனது. பழைய மோனோ தட்டு ஒன்றைப் போட்டதும் குரலே மறைந்து, கீறல் சத்தம்தான் மேலே நின்றது. ஹெட்ஷெல்லுக்குள் நான்கு ஒயர்கள் உண்டு: வெள்ளை இடது, நீலம் இடதின் எர்த், சிவப்பு வலது, பச்சை வலதின் எர்த். சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் செருகியிருந்தார்கள். ஒரு பக்க ஒலி தலைகீழாகி, இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஹெட்ஷெல்லைக் கழற்றி நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் பிழை இது. அளந்து செட் செய்தவர் கண்ணில் படாமல் இருக்க வழியில்லை. ஹெட்ஷெல்லின் பின்விளிம்பிலிருந்து ஊசி நுனிக்கு 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்த மெஷினுக்கு டெக்னிக்ஸ் வைத்த அளவு. இரண்டிலும் அதுவும் இல்லை.

ஊசிக்கு வருகிறேன். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே நிறுத்திவிட்டது. இன்று பளபளக்கும் பெட்டியில் "புத்தம் புது ஒரிஜினல் ஷூர்" என்று யாராவது நீட்டினால் முதலில் சந்தேகப்படுங்கள். பழைய இருப்பு எங்காவது இருக்கலாம், ஆனால் போலிகள் ஏராளம். ஜப்பானின் ஜிகோ நிறுவனம் எம்44-7க்குப் பொருந்தும் மாற்று ஊசியைத் தன் பெயரிலேயே நேர்மையாக விற்கிறது. அப்படி வாங்குவது வேறு. எனக்கு வந்ததை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நுனி பசைக் குமிழுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருந்தது.

இவ்வளவையும் படத்தோடு எடுத்துக்கொண்டு போனபோது, "செகண்ட் ஹேண்டுக்கு கேரண்டி கிடையாது தம்பி" என்ற பதில்தான் வந்தது. இது சரியல்ல. இங்கே 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை விற்ற கடைக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டம்) கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் செல்லும். பொருளைக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பொருளின் வயதும் விலையும் கணக்கில் எடுக்கப்படும் என்பதும் உண்மை. ஆனால் தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை, அதை மறக்க வேண்டாம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். மன்றத்துக்குப் போகிறேன் என்று எழுத்தில் அனுப்பிய பிறகு ஊசிகளுக்கும் "காலிப்ரேஷனுக்கும்" வாங்கிய பணம் திரும்பி வந்தது. பேரிங் பழுதுக்கு அவர் இன்னும் இணங்கவில்லை, அதற்கான கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டேன்.

வாங்கப் போகும்போது உங்களுடைய தராசையும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மோனோ தட்டையும் எடுத்துப் போங்கள். கையை மிதக்க வைத்து, ஊதிப் பார்த்து, எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் "சர்வீஸ் செய்தது" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். எந்தக் கையில் என்ன செய்தார்கள், எத்தனை கிராம் வைத்தார்கள், ஊசி யார் தயாரித்தது என்று எழுதி வாங்குங்கள். அந்தக் கடையின் விளம்பரம் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே மூன்று வாக்குறுதிகளோடு.