‘டிஎஸ்ஏ அங்கீகாரம் பெற்றது’ என்று விற்ற துப்பாக்கிப் பெட்டி: 289 டாலர் போயிற்று

வேட்டைத் துப்பாக்கியோடு விமானம் ஏறப்போகிறவர்கள் பெட்டி வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்த சீசன் முடிவதற்குள் இன்னும் சிலர் அதே பெட்டியை வாங்கிவிடுவார்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன். என்னிடம் பிடுங்கப்பட்டது 289 டாலர்.

அமெரிக்காவில் துப்பாக்கியை விமானத்தில் கொண்டுபோவதற்கான விதி ஒன்றும் புதிர் அல்ல. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. கெட்டியான, பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். செக்-இன் சாமானாக மட்டுமே போகலாம். கவுண்டரில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். சாவி பயணியின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் பூட்டு தொங்கினால் மட்டும் டிஎஸ்ஏ (விமான நிலையங்களில் பயணிகளையும் சாமான்களையும் சோதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) அதிகாரிகளுக்குப் போதாது. பூட்டிய பிறகும் மூடியை நெம்பித் திறக்க முடிந்தால், உள்ளே கை போனால், அந்தப் பெட்டி விமானத்தில் ஏறாது. கடையில் துப்பாக்கியோடு கொடுக்கும் பெட்டிகூடப் போதாமல் போகலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்துதான் நல்ல பெட்டி தேடினேன்.

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கு டேக், அதாவது ஒரு மானை வேட்டையாட அரசு தரும் அனுமதிச் சீட்டு, கிடைத்திருந்தது. முதல் ரைபிள் சீசன், மொத்தமே ஐந்து நாள். குலுக்கலில் விழ வேண்டிய டேக் அது. அதனால் எதையும் கடைசி நேரத்துக்கு வைக்கக் கூடாது என்று ஜூலை மாதமே பெட்டியைத் தேட ஆரம்பித்தேன். எல்லாப் பொருளும் விற்கும் ஒரு பெரிய இணையச் சந்தையில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. தளம் நேரடியாக விற்பதில்லை. அதில் கடை போட்டிருக்கும் ஒரு விற்பனையாளர் விற்கிறார். கறுப்புப் பெட்டி, சக்கரம், ஓரம் முழுக்க ரப்பர் வளையம், காற்றழுத்த வால்வு, எஃகு வளையம் பதித்த நான்கு பூட்டுத் துளைகள். படத்தின் மூலையில் பச்சை முத்திரை: ‘டிஎஸ்ஏ அங்கீகாரம் பெற்றது’. விலை 289 டாலர். மலிவுப் பொருள் வாங்கி ஏமாந்தான் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். இது மலிவு விலை அல்ல.

வந்த பெட்டியில் துளைகள் இரண்டுதான் இருந்தன. அதுவும் முன்பக்கத்தின் நடுவில், கைப்பிடியின் இருபுறமும். எஃகு வளையம் இல்லை, வெறும் பிளாஸ்டிக். உடனே படம் எடுத்து அனுப்பி விற்பனையாளரிடம் கேட்டேன். நான் அவர்களை நம்பிய இடம் இதுதான். பதில் அன்றே வந்தது, மிகவும் மரியாதையாக: ‘இது புதுப்பிக்கப்பட்ட மாடல். விமானப் பயணத்துக்கு இரண்டு பூட்டுகளே போதுமென்று டிஎஸ்ஏ சொல்கிறது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கானோர் இதே பெட்டியோடு பறக்கிறார்கள். விமான நிலையத்தில் ஏதேனும் சிக்கல் வந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம்.’ எழுத்தில் கொடுத்த வாக்கு. எழுதிக் கொடுத்ததை நம்பாமல் மனிதன் எதை நம்புவது? பெட்டியை வைத்துக்கொண்டேன்.

டெக்சாஸிலிருந்து டென்வருக்கு விடியற்காலை விமானம். என்னோடு வேட்டைக்கு வரும், என்னைவிட மூத்த நண்பரும் உடன் இருந்தார். கவுண்டரில் அறிவித்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்து, இரண்டு பூட்டுகளையும் பூட்டினேன். சோதனை அதிகாரி பெட்டியின் மூலையைப் பிடித்து மேலே இழுத்தார். இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருக்க, மூடி வளைந்து வாய் திறந்தது. அவர் விரல்களை உள்ளே விட்டுத் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தொட்டுக் காட்டினார். “இது போகாது, சார்.” வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பச்சை முத்திரையைக் காட்டினேன். பெட்டிகளுக்கு நாங்கள் அங்கீகாரம் எதுவும் கொடுப்பதில்லை என்றார். உண்மை அதுதான். டிஎஸ்ஏ சாவியால் திறக்கும் பூட்டுகள் என்று ஒரு வகை இருக்கிறது; துப்பாக்கிப் பெட்டிக்கு அப்படிச் சான்றிதழ் தரும் ஏற்பாடே கிடையாது. அந்த முத்திரை முழுப் பொய்.

“நீங்கள் ஏறிவிடுங்கள் அண்ணா, நான் பின்னால் வருகிறேன்” என்று நண்பரை அனுப்பிவிட்டு, விளையாட்டுப் பொருள் கடை திறக்கும்வரை காத்திருந்து வேறு பெட்டி வாங்கி, டிக்கெட்டை மாற்றி, இரவில்தான் டென்வரில் இறங்கினேன். மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து நாளில் ஒரு நாள் கரைந்துவிட்டது. புதுப் பெட்டியின் விலையும் டிக்கெட் வித்தியாசமும் தனி. அவற்றை நான் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. அந்த 289 டாலரை மட்டும்தான் திருப்பிக் கேட்டேன்.

அதற்குக் கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதலில் விற்பனையாளர்: ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், பெட்டியின் படங்களை அனுப்புங்கள்.’ அனுப்பினேன். ‘காணொளி வேண்டும்.’ மூலையை இழுத்துக் காட்டிக் காணொளி அனுப்பினேன். ‘பெட்டி உடையவில்லை, எனவே உத்தரவாதத்தில் வராது.’ நீங்கள் எழுதித் தந்த வாக்கு இதோ என்று பழைய செய்தியை எடுத்துப் போட்டேன். அதன்பிறகு வேறொருவர் பெயரில் பதில் வந்தது: முன்பு பேசியவர் இப்போது எங்களிடம் இல்லை, நல்லெண்ண அடிப்படையில் அடுத்த கொள்முதலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறோம். திருப்பி அனுப்புவதானால் நீளமான பார்சலுக்கான கட்டணம் என்னுடையது, அதுவும் ‘பயன்படுத்திய பொருள்’ என்பதால் பாதிப் பணம்தான் வரும் என்றும் ஒரு வரி.

தளத்தின் வாடிக்கையாளர் சேவை அதற்கு மேல். பொருளைத் திருப்ப 30 நாள், அது எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார்கள். வேட்டை சீசன் அக்டோபரில் வருகிறது, பெட்டியை முன்கூட்டியே வாங்குபவன் விமான நிலையத்துக்குப் போவதற்குள் அந்த 30 நாள் ஓடிவிடும். இது இந்த விற்பனையாளர்களுக்கு நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். விற்பனையாளரைக் கேளுங்கள் என்று தளம் சொல்கிறது. தளத்தின் கொள்கை அது என்று விற்பனையாளர் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாக உருட்டப்படுவது என் 289 டாலர். நான் எழுதிய ஒற்றை நட்சத்திர மதிப்புரையும் ‘வழிகாட்டு நெறிகளுக்குப் பொருந்தவில்லை’ என்று நீக்கப்பட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான ஐந்து நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே மின்னுகின்றன.

பெட்டி தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பெட்டி வந்த அன்றே துப்பாக்கியை வைத்து எல்லாத் துளைகளிலும் பூட்டுப் போட்டு, நான்கு மூலைகளையும் பலமாக இழுத்துப் பாருங்கள். விரல் நுழைந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூலைகளுக்கு அருகே பூட்டுத் துளை இல்லாத நீளப் பெட்டியை வாங்கவே வேண்டாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளம் பெரும்பாலும் வெளி அளவு. உள் அளவைக் கேளுங்கள். காலிப் பெட்டியே கனமாக இருந்தால் துப்பாக்கியோடு 50 பவுண்டைத் தாண்டி அதிகக் கட்டணம் விழும். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றிக் கைப்பையில் வைக்காதீர்கள், அதுவும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) மட்டும் கையில் கொண்டுபோகலாம். தோட்டாக்களுக்கு 11 பவுண்டு என்பதே பெரும்பாலான விமான நிறுவனங்களின் வரம்பு. பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் சொன்னபடி இல்லையென்றால், தவறான பில் பற்றி எழுத்தில் முறையிட 1974ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அவகாசம், முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்தான். எனக்கு அது கடந்துவிட்டது. வங்கி ‘பார்க்கிறோம்’ என்கிறது.

கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை பெயரை எழுதப்போவதில்லை. படத்தில் நான்கு துளை, மூலையில் பச்சை முத்திரை, விலை 289 டாலர்: இந்த மூன்றும் சேர்ந்த பெட்டியைக் கண்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றே மூலையை இழுத்துப் பாருங்கள், 30 நாள் முடிவதற்குள்.