ஹைட்ரன்ட் லைனில் வயர்லெஸ் சென்சார்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தீயணைப்பு ஹைட்ரன்ட் லைன் சுமார் 2 கிலோமீட்டர், 150 மி.மீ. எம்எஸ் (சாதாரண இரும்பு) குழாய், பெரும்பகுதி மண்ணுக்கடியில். பக்கத்திலேயே உப்பனாறு. மழைக்காலத்தில் நாலடி தோண்டினால் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். டேப் சுற்றிப் புதைத்த குழாய்தான். ஆனால் டேப் எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கே இந்த மண் ஊசி குத்தியதுபோல் துளை போட்டுவிடும்.

இந்த லைனில் கசிவு வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஜாக்கி பம்ப். லைனில் 7 கிலோ பிரஷர் இருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கினால் ஜாக்கி தானாக ஓடி, ஏற்றிவிட்டு நிற்கும். லைன் நன்றாக இருந்த காலத்தில் ஒரு ஷிப்டுக்கு ஓரிரு முறைதான் ஓடும். 2022 தொடக்கத்தில் கால் மணிக்கு ஒரு முறை ஓட ஆரம்பித்தது. எங்கேயோ ஒழுகுகிறது, ஆனால் எங்கே? மணலில் அப்படியே இறங்கிப்போவதால் தரையில் ஈரம்கூடத் தெரியாது. அந்த ஜூனில்தான் சென்சார் வாங்கினோம்.

மொத்தம் 16. அதில் 12 ஒலி சென்சார். வால்வு சேம்பருக்குள், அதாவது வால்வு இருக்கும் மூடி போட்ட குழிக்குள், வால்வின் தண்டில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். இரவு 2 மணி முதல் 4 மணி வரை குழாயின் சத்தத்தைக் கேட்டு அனுப்பும். மற்ற 4 குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளப்பவை. துருவைத் தடுக்க நாங்கள் மெக்னீசியம் ஆனோடு புதைத்து, குழாயோடு இணைத்திருக்கிறோம். குழாய்க்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் உலோகக் கட்டி அது. அந்தப் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்பதை இந்த அளவுதான் சொல்லும். செம்பு-செம்பு சல்பேட் எலக்ட்ரோடை வைத்து அளந்தால் மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதற்கும் கீழே காட்ட வேண்டும். எல்லாமே லோராவான் என்ற, கொஞ்சம் பேட்டரியில் தொலைதூரம் பேசும் ரேடியோ முறையில், 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும். அவை பேசுவதை வாங்கிக்கொள்ளத் தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஒரு கேட்வே வைத்தோம்.

முதல் மூன்று மாதத்தில் இரண்டு கசிவு பிடித்தோம். ஜாக்கி பழைய நிலைக்கு வந்தது. கண்ணில் படாத ஒழுக்கை இரவில் உட்கார்ந்து கேட்டுச் சொல்கிறதே என்று உண்மையிலேயே மலைப்பாக இருந்தது.

ஆனால் நான் எழுத வந்தது நான்காம் எண் சென்சாரைப் பற்றி. கிடங்குப் பக்கம் போகும் கிளை லைனில் மின்னழுத்தம் அளப்பது அது. போட்ட நாளிலிருந்தே மைனஸ் 0.56 காட்டியது. மற்ற மூன்றும் மைனஸ் 1-ஐ ஒட்டி இருந்தன. எலக்ட்ரோடு காய்ந்திருக்கும் என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். விற்றவர்களிடம் சொன்னோம், சென்சாரை மாற்றித் தந்தார்கள். புதியதும் அதையே காட்டியது. சரி, அந்த இடமே அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு வருடத்துக்கும் மேல் அந்த எண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

2023 ஆகஸ்டில் அதே கிளை லைனில் கசிவு அலாரம் வந்தது. 90 மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஒலி சென்சார்களும் கேட்டிருந்தன. ஒரே சத்தம் இரண்டுக்கும் எவ்வளவு முன்பின்னாகப் போய்ச் சேர்கிறது என்பதை வைத்து மென்பொருள் இடம் குறிக்கும். தண்ணீர் நிரம்பிய எம்எஸ் குழாயில் ஒலி நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் போகும் என்று கொடுத்திருந்தோம். குறித்த இடத்தில் தோண்டினோம். குழாய் காய்ந்து கிடந்தது, டேப்கூடக் கிழியவில்லை.

எங்கள் மூத்த ஃபிட்டர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு லைன் மேலேயே நடந்தார். நாலடிக்கு ஒரு இடம் குத்தி, கடப்பாரையின் தலையைக் காதோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பதினாலு மீட்டர் தள்ளிப் போனதும் கையைக் காட்டி, “தம்பி, இங்கதான் இரையுது, வந்து கேளு” என்றார். நானும் காதை வைத்தேன். பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சத்தம்.

தோண்டினால் கறுப்புக் குழாய். 12 மீட்டருக்கு எச்டிபிஇ பிளாஸ்டிக்! 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது அங்கிருந்த பெரிய புங்கமரம் வேரோடு சாய்ந்து லைனையும் தூக்கிவிட்டதாம். அவசரத்துக்குக் கிடைத்த குழாயைப் போட்டு மூடியிருக்கிறார்கள். வரைபடத்தில் அது ஏறவே இல்லை. அது எம்எஸ்ஸோடு சேரும் ஃபிளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தில்) போல்ட்டுகள் உப்பில் அரித்து பென்சில் பருமனுக்கு வந்திருந்தன. ஒழுகியது அங்கேதான். எச்டிபிஇ-யில் ஒலி மிக மெதுவாகப் போகும், அந்தத் தாமதத்தில்தான் கணக்கு பதினாலு மீட்டர் தள்ளிப்போனது.

அந்தக் குழியில் நின்றபோதுதான் நான்காம் எண் சொன்னது எனக்குப் புரிந்தது. பிளாஸ்டிக் வழியாக மின்சாரம் போகாது. ஆனோடுகள் எல்லாம் இந்தப் பக்கம். அதற்கு அப்பால் கிடங்கு வரைக்கும் போகும் இரும்புக்குப் பாதுகாப்பே இல்லை. பன்னிரண்டு வருடமாக அது வெறும் இரும்பாகத்தான் மண்ணில் கிடந்திருக்கிறது. மைனஸ் 0.56 என்பது அப்படிக் கிடக்கும் இரும்பு காட்டும் அளவு. சென்சார் முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டது, நாங்கள்தான் வரைபடத்தை நம்பிச் சென்சாரை மாற்றினோம்.

போல்ட்டுகளை மாற்றி, எச்டிபிஇ-யின் இரு முனையிலும் உள்ள இரும்பைச் செம்புக் கேபிளால் இணைத்து, அந்தப் பக்கம் புதிதாக இரண்டு ஆனோடும் புதைத்தோம். சில வாரத்தில் மைனஸ் 0.91-க்கு வந்தது.

ரேடியோ பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் சென்சாரின் துல்லியத்தைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். எங்களைப் படுத்தியதெல்லாம் சேம்பர் மூடி. வார்ப்பிரும்பு மூடிக்கடியிலிருந்து சிக்னல் தட்டுத்தடுமாறித்தான் வரும். சிக்னல் மோசமானால் சென்சார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசும். மிகமெதுவான நிலையில் ஒரே செய்திக்கு 20 மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். பத்து வருடம் வரும் என்ற பேட்டரி, இப்படிப்பட்ட இரண்டு சேம்பர்களில் இரண்டே வருடத்தில் தீர்ந்தது. ஃபைபர் மூடி போட்ட பிறகு நிலைமை மாறியது.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி அடித்த மழையில் சேம்பர்கள் எல்லாம் நிரம்பின. ஒன்பது சென்சார்கள் ஒரேயடியாக ஊமையாகின. தண்ணீருக்கடியிலிருந்து இந்த அலைவரிசை வெளியே வராது. இறைத்த பிறகு ஏழு திரும்பப் பேசின, சேமித்து வைத்திருந்த அளவுகளையும் அனுப்பின. இரண்டு செத்துப்போயின. பெட்டியின் மூடி வழியாகத் தண்ணீர் போகவில்லை, ஆன்டெனா கேபிள் நுழையும் கிளாண்டு (கேபிளைச் சுற்றி அடைக்கும் இணைப்பு) வழியாகத்தான் இறங்கியிருந்தது. தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 தரம் என்று போட்டிருந்தால் அந்த இணைப்பையும் சேர்த்துத்தானா என்று கேட்டு வாங்குங்கள். இப்போது எல்லா ஆன்டெனாவையும் பிவிசி குழாய்க்குள் விட்டு, தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரக் கல்லில் ஏற்றிவிட்டோம்.

உதிரி பேட்டரியை மொத்தமாக வாங்கித் தகரக் கூரை ஸ்டோரில் போட்டுவைக்க வேண்டாம். இந்த லித்தியம் பேட்டரிகள் வெயிலில் சும்மா கிடந்தால் உள்ளே ஒரு படலம் பிடித்துக்கொள்ளும். போட்டவுடன் வோல்டேஜ் விழுந்து சென்சார் எழுந்திருக்காது. எங்களுக்கு மூன்று அப்படி ஆனது.

போன மாதம் ஃபிட்டரோடு லைன் முழுவதும் நடந்து புது வரைபடம் போட்டோம். வழியில் அவர் நினைவிலிருந்து இன்னும் இரண்டு பழைய ரிப்பேர் இடங்களைக் காட்டினார். இரண்டுமே சென்சார் இல்லாத பக்கம். அடுத்த மழைக்குள் அங்கே தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.