லாங்யியர்பியனுக்கு எங்கிருந்து பறப்பது: ட்ரோம்சோவா, ஆஸ்லோவா?

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிறது லாங்யியர்பியன். சுற்றுலாக் கப்பல்களை விட்டால் அங்கே போக விமானம்தான் வழி. நார்வே தலைநகர் ஆஸ்லோவிலிருந்து நேராகப் பறக்கலாம், வட நார்வே நகரமான ட்ரோம்சோவில் நின்று போகும் விமானத்தில் ஏறலாம், இல்லையென்றால் முன்னதாகவே ட்ரோம்சோ போய்த் தங்கி அங்கிருந்து கிளம்பலாம்.

முதலில் தூரம். ட்ரோம்சோ–லாங்யியர்பியன் சுமார் 960 கி.மீ. ட்ரோம்சோ–ஆஸ்லோ 1,115 கி.மீ. ஆக, ட்ரோம்சோக்காரர்களுக்குத் தலைநகரைவிட இந்தத் துருவத்து ஊர்தான் பக்கம்! ஆஸ்லோவிலிருந்து நேராகப் போனால் 2,015 கி.மீ. ட்ரோம்சோ வழியாகச் சுற்றினாலும் கூடுவது வெறும் 60 கி.மீ.தான்.

நேரக் கணக்கு வேறு மாதிரி. 960 கி.மீ.யை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 1 மணி 12 நிமிடம் வரும். டிக்கெட்டிலோ 1 மணி 40 நிமிடம் போல இருக்கும். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். பக்கத்து ஊருக்குப் போனாலும் தூரத்து ஊருக்குப் போனாலும் இந்த நேரச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் இரண்டு மடங்குக்கு மேல் தூரமுள்ள ஆஸ்லோ நேர் விமானம் சுமார் 3 மணி நேரத்திலேயே போய்விடுகிறது.

வழியில் நிற்கும் விமானத்துக்கு இந்த நேரச் செலவு இரண்டு தடவை. போதாததற்கு, ஸ்வால்பார்ட் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) வெளியே இருப்பதால் ட்ரோம்சோவில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, திரும்ப அதே விமானத்தில் ஏற வேண்டும். குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் இது பெரிய அலைச்சல். மொத்தம் நாலரை மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். கட்டணம் ரொம்பக் குறைவாக இருந்தாலொழிய இதை எடுக்காதீர்கள்.

ஒரே வாரத்தில் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஆஸ்லோ நேர் விமானம் சரி. நாள் இருந்தால் என் ஓட்டு ட்ரோம்சோவுக்குத்தான். இரண்டு நாள் தங்கி ஊரைப் பார்த்துவிட்டு, களைப்பில்லாமல் ஏறலாம். பாதி வழியில், மேகம் விலகியிருந்தால், கடல் நடுவே பியோர்னோயா எனும் கரடித் தீவு தெரியும். லாங்யியர்பியனில் இறங்கி வெளியே வந்தால் உலக நகரங்களின் தூரம் எழுதிய கைகாட்டி மரமும், பனிக்கரடி எச்சரிக்கைப் பலகையும் நிற்கும். வட துருவம் அங்கிருந்து சுமார் 1,300 கி.மீ.தான்.

எந்த வழியானாலும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவில் குறைந்தது இரண்டு நுழைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை நுழைவு விசாவோடு ஸ்வால்பார்ட் போனால் திரும்ப நார்வேக்குள் வர முடியாது. அப்புறம், மூடுபனியால் விமானம் தாமதமாகும் ஊர் அது. திரும்பும் நாளிலேயே ஆஸ்லோவிலிருந்து இந்தியாவுக்கு டிக்கெட் போட வேண்டாம்.