தரங்கம்பாடியைச் சுற்றிக் காட்டிய ஆட்டோ அண்ணன்

மன்னார்குடியிலிருந்து நான், எட்டாவது படிக்கும் மகன், முழங்கால் வலியோடு அம்மா. பொறையாறு பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறினோம். "கோட்டை மட்டும் போதுமா, ஊரையே பார்க்கணுமாம்மா?" என்று கேட்டார் அண்ணன். அரை நாளுக்கு 600 ரூபாய் பேசினோம். கொடுத்த காசுக்கு மேலேயே காட்டினார்.

1792-ல் கட்டிய நுழைவாயிலில் வண்டியை நிறுத்தி, மேலே இருக்கும் டென்மார்க் ராஜாவின் முத்திரையைப் பார்க்கச் சொன்னார். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க்காரர்களுக்குக் கொடுத்த இடத்தில் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டையையும் ஊரையும் 1845-ல் ஆங்கிலேயர் வாங்கினார்கள். வங்காளத்து செராம்பூரும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய். "ஊரையா விலை பேசினாங்க!" என்று அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டராக இருந்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "அப்போ வாங்க" என்று அண்ணன் நேரே 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்கு விட்டார். 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே தமிழ் அச்சுக்கூடம் நடத்திய மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை உள்ளே இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை முழுதாக அச்சடித்து முடித்தார்கள். ஈயம் ஒட்டிக் கறுத்த அப்பாவின் விரல்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அம்மா கால்வலியைச் சொல்லாமல் உள்ளே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கோப்பது எப்படி என்று அம்மாவே விளக்கினார்.

ஒரு குறை உண்டு. மாசிலாமணிநாதர் கோயிலைக் கடைசியில் வைத்துவிட்டார். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் அம்மாவால் அங்கே நிற்க முடியவில்லை. நீங்கள் போனால் காலை ஆறரைக்கே கோயிலில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வெயிலும் ஏறியிருக்காது, கடலும் நன்றாகத் தெரியும். தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

திரும்பும் வழியில் பொறையாற்றில் கடுதாசிப்பட்டறையைக் காட்டினார். அந்த அச்சுக்கூடத்துக்காகக் காகிதம் செய்த இடம்; பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அம்மா, "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார்.